பத்துப் புத்தகம், ஒரே குற்றம்: மார்ட்டின் பெக் வரிசையை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ட்டின் பெக் வரிசையில் நான் முதலில் படித்தது ஒன்பதாவது புத்தகம். நடைபாதைக் கடையில் பழைய புத்தகக் குவியலுக்கு நடுவே கிடந்தது. பேரம் பேசாமலே 30 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். துப்பறியும் வரிசை என்றால் எதையும் எடுத்து எங்கிருந்தும் படிக்கலாம் என்ற நினைப்பு எனக்கு. மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே துப்பறிபவருக்கு வயது ஏறாது. போன மாதக் கொலைக்கும் இந்த மாதக் கொலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இங்கே அந்தக் கணக்கு செல்லவில்லை. முதல் புத்தகத்தின் கொலையாளி யார், இரண்டாவதில் உண்மையில் என்ன நடந்தது என்பதையெல்லாம் அந்த ஒன்பதாவது புத்தகம் போகிற போக்கில் சொல்லிவிட்டது. பழைய ஆட்கள் அதில் மறுபடியும் கதைக்குள் வருகிறார்கள். பிற்பாடு முதல் இரண்டு புத்தகங்களைத் தேடி வாங்கியபோது, விடை எழுதிய வினாத்தாளைப் படிப்பதுபோல இருந்தது. உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது. முக்கியமான முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

முதலில், இது என்ன வரிசை

மார்ட்டின் பெக் என்ற ஸ்டாக்ஹோம் போலீஸ் துப்பறிவாளரையும் அவர் குழுவையும் பற்றிய வரிசை. மாய் ஷோவால், பெர் வாலோ என்ற ஸ்வீடன் நாட்டு இணையர் எழுதியது. இருவரும் பத்திரிகையாளர்கள், இருவரும் இடதுசாரிகள். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள். அதற்கு மேல் எழுதுவதில்லை என்பது தொடக்கத்திலேயே போட்ட திட்டம். புத்தகத்துக்கு 30 அத்தியாயம், மொத்தம் 300. பத்தாவது வெளிவந்த அதே 1975இல், ஜூன் மாதம், வாலோ தனது 48ஆம் வயதில் இறந்துபோனார். ஷோவால் 2020 வரை இருந்தார்.

ஸ்வீடிஷ் பதிப்புகளில் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரே துணைத்தலைப்பு: 'ஒரு குற்றத்தைப் பற்றிய நாவல்'. ஒருமையைக் கவனியுங்கள். பத்துப் புத்தகத்திலும் கொலைகள் ஏகப்பட்டது நடக்கின்றன. ஆனால் குற்றம் ஒன்றுதான் என்கிறார்கள். மக்கள் நல அரசு என்று உலகம் மெச்சிய நாடு, தன் அடிமட்டத்து மக்களைக் கைவிட்டுவிட்டது என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் பத்தும் சேர்ந்து ஒரே நாவல் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

படி 1: எங்கே தொடங்குவது

நேர்மையான பதில், 'ரோசன்னா'. 1965இல் வந்த முதல் புத்தகம். மோட்டாலா நகருக்குப் பக்கத்தில், யோத்தா கால்வாயின் மதகுத் தொட்டியில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் சடலம் மேலே வருகிறது. அவள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் அவளைத் தேடவும் இல்லை. அவளுக்கு ஒரு பெயர் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. வழக்கு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜனவரி வரை இழுக்கிறது. நடுவில் பெக்குக்குச் சளி பிடிக்கிறது, சரியாகிறது, திரும்பவும் பிடிக்கிறது.

இதைக் கேட்டு அலுப்பாக இருக்கிறதா? பலருக்கு 60 பக்கம்வரை அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த வரிசையைப் படிக்கத் தேவையான பொறுமையைக் கற்றுக்கொடுப்பது இந்தப் புத்தகம்தான். போலீஸ் வேலை என்பது பெரும்பாலும் காத்திருப்பது என்பதை இது சொல்வதில்லை. உங்களையும் சேர்த்துக் காக்கவைக்கிறது.

அதன்பின் வரிசை மாறாமல் போங்கள். நான்காவது புத்தகமான 'த லாஃபிங் போலீஸ்மேன்' (1968) தான் எல்லாரும் பரிந்துரைப்பது. அமெரிக்காவில் மர்மக் கதைகளுக்குக் கொடுக்கும் எட்கர் விருதை, 1971ஆம் ஆண்டின் சிறந்த நாவலுக்காகப் பெற்றதும் அதுவே. அதையே முதலில் படிக்கலாமே என்று கேட்பீர்கள். படிக்கலாம், கதை புரியும். ஆனால் அதில் செத்துப்போகிறவர்களில் ஒருவர் பெக்கின் குழுவைச் சேர்ந்தவர். முந்தைய புத்தகங்களில் அவர் ஓரமாக நின்றவர். யாரோ ஏவிய வேலைக்கு ஓடுவார், ஒன்றிரண்டு வரி பேசுவார், அவ்வளவுதான். யார் என்று சொல்லமாட்டேன். அவரை முன்பே பார்த்திருந்தால், அந்தப் பக்கத்தில் 'அடடா, இந்தப் பிள்ளையா' என்று நிறுத்துவீர்கள். பார்க்காதவருக்கு அது வெறும் பெயர்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது புத்தகத்தில் ஸ்டாக்ஹோம் பூங்காக்களில் கொல்லப்படுபவர்கள் சிறுமிகள். கோரமாக எழுதப்பட்டதல்ல, ஆனாலும் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்களுக்குக் கடினம். தாண்டிப்போனால் குடிமுழுகிவிடாது. குன்வால்ட் லார்சன் என்ற முரட்டுப் போலீஸ்காரர் முதன்முதலில் வருவது அதில்தான், அந்த அறிமுகம் மட்டும் தவறிப்போகும்.

ஒன்பதாவதைப் பற்றி ஏற்கெனவே புலம்பிவிட்டேன். ஒன்றையும் இரண்டையும் படிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

படி 2: பதிப்பு

பத்தையும் ஒரே ஆள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவில்லை. முதல் புத்தகம் லோயிஸ் ராத், நான்காவது ஆலன் பிளேர், ஏழாவது தாமஸ் டீல். அதனால் நடை புத்தகத்துக்குப் புத்தகம் லேசாக மாறும். ஒன்றில் பேச்சு விறைப்பாக இருக்கும், இன்னொன்றில் சரளமாக ஓடும். ஆசிரியர்கள் மாறிவிட்டார்களோ என்று குழம்பவேண்டாம்.

புதிய பதிப்புகளில் வேறு குற்றக்கதை எழுத்தாளர்கள் எழுதிய முன்னுரை இருக்கும். 'ரோசன்னா'வுக்கு ஹென்னிங் மான்கெல் எழுதியிருக்கிறார். நல்ல முன்னுரைகள்தான். ஆனால் முன்னுரை எழுதுகிறவர்களுக்கு, நாம் இன்னும் கதையைப் படிக்கவில்லை என்பது மறந்துபோகும். எல்லாவற்றையும் கடைசியில் படியுங்கள். பின்னட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிடுங்கள்.

படி 3: பெயர்களோடு பழகுவது

பாதிப் பேர் இந்த வரிசையைக் கைவிடுவது கொலையால் அல்ல, தெருப்பெயரால்தான். நூர்ரா ஸ்டேஷன்ஸ்காட்டன், குங்ஸ்ஹோல்ம்ஸ்காட்டன் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இதற்கு நாலே நாலு ஒட்டுச்சொல் போதும். 'காட்டன்' என்று முடிந்தால் தெரு. 'ஹோல்ம்' என்றால் சிறு தீவு. 'டோரி' என்றால் சதுக்கம். 'ப்ரோ' என்றால் பாலம். அப்புறம் ஸ்டாக்ஹோம் 14 தீவுகளில் பரந்த நகரம் என்பதை நினைவில் வையுங்கள். பாலத்தைக் கடக்காமல் அங்கே யாரும் எங்கேயும் போக முடியாது.

உச்சரிப்புக்காக நாக்கைச் சிரமப்படுத்தவேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் மனசுக்குள் ஒரு ஓசையை வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் இருந்தால் போதும். பெக்கின் சக போலீஸ்காரர் ஒருவரை நான் கொல்பெர்க் என்று படிக்கிறேன், ஸ்வீடன்காரர் 'கொல்பெரி' என்பார். கொல்பெர்க் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இன்னொரு சின்னக் குறிப்பு. கதைசொல்லி பெக்கை எப்போதும் முழுப்பெயரில்தான் சொல்வார்: மார்ட்டின் பெக் எழுந்தார், மார்ட்டின் பெக் இருமினார். குன்வால்ட் லார்சனுக்கும் அதே மரியாதை. குழுவில் மற்றவர்கள் வெறும் கொல்பெர்க், ரோன், மெலாண்டர். இதற்கு என்ன காரணம் என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். கோப்பில் எழுதும் பெயரைப்போல ஒரு தூரம் அதில் இருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது.

படி 4: வேகமும் நோட்டும்

30 அத்தியாயம் என்பது வாசகருக்கு வசதியான கணக்கு. இரவுக்கு ஐந்து என்று வைத்தால் ஆறு நாளில் ஒரு புத்தகம். ஒரே இரவில் முடிக்கக்கூடிய தடிமன்தான், ஆனால் முடிக்காதீர்கள். வழக்கு மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் கதையை ஐந்து மணிநேரத்தில் விழுங்கினால், தேக்கம் உங்கள் மேல் விழாது. 'ஏதும் நடக்கவில்லை' என்ற எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

பக்கத்தில் ஒரு பழைய நோட்டு இருக்கட்டும். இடதுபக்கத்தில் போலீசுக்கு உறுதியாகத் தெரிந்தது, வலதுபக்கத்தில் அவர்கள் ஊகிப்பது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி. இந்தக் கதைகளில் தேதி வெறும் அலங்காரம் அல்ல. கைபேசி இல்லாத காலம், கடிதம் வந்துசேர நாளாகும், ஒரு போட்டோ கடல் தாண்டி வரவேண்டும். 'ரோசன்னா'வில் சந்தேக வட்டத்தில் இருப்பது ஒரு சுற்றுலாக் கப்பலில் இருந்த 85 பேர். அவர்கள் பல நாடுகளுக்குத் திரும்பிப்போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தர் எடுத்த படச்சுருள் கைக்கு வரும் நாளை நோட்டில் குறித்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் இனிப்பு தெரியும்.

யார் கொலையாளி என்று பந்தயம் கட்டாதீர்கள். எல்லாச் சந்தேக நபர்களையும் ஒரு பங்களாவில் அடைத்துவைத்து, கடைசியில் கூடத்தில் உட்காரவைத்து விளக்கும் வகை இது அல்ல. சில புத்தகங்களில் குற்றவாளி வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வருகிறார். சில வழக்குகள் தற்செயலாக உடைகின்றன. 'யார்' என்பதை விட்டுவிட்டு, 'இந்தத் தகவல் இவர் கைக்கு எப்படி வந்தது' என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

படி 5: ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்ப்போம்

நான்காவது புத்தகத்தையே எடுக்கிறேன். 13 நவம்பர் 1967, இரவு, கொட்டும் மழை. நகரின் ஒரு மூலையில் வியட்நாம் போரை எதிர்க்கும் ஊர்வலம் அமெரிக்கத் தூதரகத்தை நோக்கிப் போகிறது. அதைத் தடுக்கப் போலீஸ் படையே அங்கே குவிந்திருக்கிறது. பெக்கும் கொல்பெர்க்கும் அந்தக் கூத்தில் சேராமல் வீட்டுக்குள் சதுரங்கம் ஆடுகிறார்கள். நகரின் இன்னொரு எல்லையில் இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்று நின்றுபோயிருக்கிறது. உள்ளே ஒன்பது பேர். எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார்கள், ஒருவர் குற்றுயிராக.

முதல் நாள் வாசிப்பில் செய்யவேண்டியது: ஊர்வலக் காட்சியைத் தாண்டிப் போகாதீர்கள். வெறும் பின்னணி என்று நினைத்து நான் முதல்முறை வேகமாகப் புரட்டினேன். போலீஸ் எங்கே நிற்கிறது, எங்கே இல்லை என்பதை ஆசிரியர்கள் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேருந்தையும் கொஞ்சம் பாருங்கள். 1967 செப்டம்பர் 3ஆம் தேதிதான் ஸ்வீடன் முழுக்க வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. கதை நடப்பது அதற்கு இரண்டு மாதம் கழித்து. ஊரே புதுப் பழக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த நேரம்.

முதலில் வந்து சேரும் ரோந்துக்காரர்கள் கிறிஸ்டியான்சனும் குவாண்ட்டும். வேலை செய்வதைத் தவிர வேறு எதற்கும் தயாராக இருக்கும் ஜோடி. சிரியுங்கள், சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேருந்துக்குள் எங்கெல்லாம் மிதித்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நோட்டில் பேருந்தின் படம் ஒன்று வரையுங்கள், மேலடுக்கு கீழடுக்கு இரண்டும். ஒவ்வோர் ஆளும் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எண் போடுங்கள். அடுத்த பல அத்தியாயங்கள் இந்த எண்களின் பின்னால்தான் போகின்றன. ஒவ்வொரு துப்பறிவாளரும் ஒரு பயணியின் வாழ்க்கையைத் தோண்டுகிறார். பெரும்பாலான தோண்டலில் கொலைக்குச் சம்பந்தமான எதுவும் கிடைப்பதில்லை. கிடைப்பது ஒரு வாடகை அறை, ஒரு கள்ள உறவு, இங்கே பிழைக்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தங்கியிருந்த நெரிசல். அலுப்பு தட்டும் பகுதி என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் புத்தகமே இதுதான்.

உயிரோடு இருக்கும் அந்த ஒருவரின் படுக்கைக்குப் பக்கத்தில் ரோன் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவருக்கு நினைவு வரும் ஒரு கணத்தில் ரோன் இரண்டு கேள்வி கேட்பார், இரண்டு பதில் வரும். இரண்டும் உளறல்போல இருக்கும். அந்த இரண்டையும் எழுத்து பிசகாமல் நோட்டில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதற்குமேல் சொன்னால் நானும் அந்த ஒன்பதாவது புத்தகம் செய்ததையே செய்தவனாவேன்.

டிசம்பர் வரும். வழக்கு நகராது. கிறிஸ்துமஸ் பரிசாக பெக்கின் மகள் ஒரு பழைய இங்கிலீஷ் நகைச்சுவை இசைத்தட்டைக் கொடுப்பாள். புத்தகத்தின் பெயர் அந்தப் பாட்டிலிருந்து வந்ததுதான். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது பெக்கின் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு சீட்டு செருகி வையுங்கள், கடைசி அத்தியாயம் முடிந்ததும் தேவைப்படும்.

படி 6: ஆட்களைத் தொடர்வது

நோட்டின் பின்பக்கத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இது ஒரு புத்தகத்துக்கு அல்ல, பத்துக்கும்.

பெக்கின் பக்கத்தில் எழுதவேண்டியது மூன்று: வயிறு, படுக்கை, கப்பல். வயிற்றுவலி எப்போது வருகிறது, வீட்டில் எங்கே படுக்கிறார், ஓய்வில் செய்யும் கப்பல் மாதிரி எந்த நிலையில் இருக்கிறது. அவருடைய திருமணத்தைப் பற்றி ஆசிரியர்கள் நீளமாக எதுவும் எழுதுவதில்லை. ஒரு புத்தகத்தில் அவர் கூடத்துச் சோபாவுக்கு மாறிவிட்டார் என்று ஒரு வரி வரும். மூன்று புத்தகத்தை வரிசையாகப் படித்தவருக்கு அந்த வரியே போதும்.

கொல்பெர்க் சாப்பாட்டுப் பிரியர், துப்பாக்கி வைத்துக்கொள்ள மறுக்கும் போலீஸ்காரர். போலீஸ் வேலையின்மேல் அவருக்கு இருக்கும் கசப்பு புத்தகத்துக்குப் புத்தகம் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவாருங்கள். குன்வால்ட் லார்சன் பணக்கார வீட்டில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்து, விலையுயர்ந்த உடையோடு போலீசுக்கு வந்தவர். அந்த உடை எந்த அத்தியாயத்தில் நாசமாகிறது என்று குறித்துவைப்பது எனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கொல்பெர்க்குக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ரோனுக்கோ அவர்தான் நெருங்கிய நண்பர். மெலாண்டரின் மூளைதான் அந்த அலுவலகத்தின் ஆவண அறை, ஆனால் தேவைப்படும்போதெல்லாம் ஆள் கழிப்பறையில் இருப்பார்.

ஐந்தாவது புத்தகத்தில் ரோனின் சின்னப் பையன் ஒரு பொம்மைத் தீயணைப்பு வண்டியைத் தொலைத்துவிடுவான். பெரிய வழக்கு ஒரு பக்கம் ஓட, அந்த வண்டியும் தன் போக்கில் காணாமல் கிடக்கும். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 7: பிற்பகுதியில் மாறும் குரல்

1965 ஜனவரி 1ஆம் தேதி ஸ்வீடனில் நகராட்சிகளின் கையில் இருந்த போலீஸ் முழுவதும் அரசின் கைக்கு மாறியது. அதே ஆண்டில்தான் முதல் புத்தகமும் வந்தது. முதல் மூன்று புத்தகங்களில் ஆசிரியர்களின் அரசியல் அடியில்தான் ஓடும். ஆறாவதிலிருந்து மேலே வந்துவிடும். எட்டு முதல் பத்துவரை, கதையை நிறுத்திவைத்து அரசாங்கத்தைத் திட்டும் பத்திகள் உண்டு. சிலது நீளம், சிலது திரும்பத் திரும்ப. எனக்கே சில இடத்தில் 'சரி, புரிந்தது, வழக்குக்கு வாருங்கள்' என்று சொல்லத் தோன்றியிருக்கிறது.

ஆனால் அதே புத்தகங்களில்தான் நகைச்சுவையும் கட்டவிழ்கிறது. ஆறாவதில் மால்மோ நகரின் சவாய் ஹோட்டலில் ஒரு தொழிலதிபர் விருந்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு, முகம் குப்புற மசித்த உருளைக்கிழங்கில் விழுகிறார். அந்தத் தொடக்கத்துக்காகவே அதை மன்னிக்கலாம். மீதிப் புத்தகம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. எட்டாவதில் பூட்டிய அறைக்குள் சுடப்பட்ட சடலம், துப்பாக்கியைக் காணோம். ஒரு பக்கம் பெக் அதைத் தனியாக நிதானமாக அவிழ்க்க, இன்னொரு பக்கம் வங்கிக் கொள்ளைத் தனிப்படை பண்ணும் அமளி வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும்.

ஏழாவதை மட்டும் என் ஆறு நாள் விதியிலிருந்து விலக்குகிறேன். மருத்துவமனையில் ஒரு போலீஸ் அதிகாரி கொல்லப்படுவதில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து முடிகிற கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். கொல்லப்பட்டவர்மேல் வந்த பழைய புகார் மனுக்கள் வரும் இடத்தில் மட்டும் வேகம் குறையட்டும். கதையின் மொத்தப் பாரமும் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

படங்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஏழாவதை போ விடெர்பெர்ய் 1976இல் ஸ்வீடிஷில் படமாக்கினார், நன்றாக இருக்கும், படித்தபின் பாருங்கள். நான்காவதை 1973இல் அமெரிக்காவில் எடுத்தபோது கதையை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். 1997 முதல் வரும் 'பெக்' தொலைக்காட்சித் தொடர் ஆட்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக்கதை சொல்கிறது, புத்தகத்துக்குக் குறுக்குவழியாக அது உதவாது.

படி 8: பத்தும் முடிந்த பிறகு

'ரோசன்னா'வைத் திரும்ப எடுத்து முதல் சில பக்கங்களை மட்டும் படியுங்கள். சடலம் கிடைத்த உடனே கதை பின்னோக்கிப் போய், அந்தக் கால்வாயைத் தூர்வார அனுமதி கிடைத்த வரலாற்றைச் சொல்லும். யார் செலவு செய்வது, எந்தத் துறையின் பொறுப்பு என்று காகிதம் மேசை மேசையாக நகர்ந்த கதை. முதல்முறை நான் அதை அப்படியே தாண்டிப்போனவன். கொலைக்கதையில் தூர்வாரும் இயந்திரத்தின் கோப்பு எதற்கு என்று நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது நோட்டை எடுத்து இடதுபக்கத்தில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன்.